சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ்: 3, 8, 13 வயதுப் பிள்ளைகளோடு ஒரு நாள்

சிங்கப்பூர் போகும் குடும்பங்கள் செந்தோசாத் தீவில் இருக்கும் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் கேளிக்கைப் பூங்காவுக்கு எப்படியும் ஒரு நாளை ஒதுக்குகின்றன. அதைப் பற்றிய காணொளிகளில் பாதி கல்லூரிப் பிள்ளைகள் எடுத்தவை, மீதி ஒற்றைக் கைக்குழந்தையோடு போனவர்கள் எடுத்தவை. பெரியவளுக்கு ரோலர் கோஸ்டர் வேண்டும், நடுவுள்ளவனுக்கு அக்கா ஏறுவதெல்லாம் வேண்டும், சின்னவனுக்கு மதியம் தூங்க வேண்டும் என்று மூன்று திசையில் இழுக்கும் வீட்டுக்கு அவை உதவவில்லை. தகவலைத் துண்டு துண்டாகத் தேடிச் சலித்துப்போய்த்தான் இதை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். பணத்தைச் சிங்கப்பூர் வெள்ளியில் சொல்கிறேன். திட்டம் போட ஒரு வெள்ளிக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1. இஞ்ச் டேப்பை எடுங்கள்

பயணச்சீட்டுக்கும் முன்னால் செய்ய வேண்டியது இது. உள்ளே எந்தச் சவாரியில் ஏறலாம் என்பதைப் பிள்ளையின் உயரம் முடிவு செய்கிறது. வயதைச் சொல்லி வாதாட முடியாது. சுவரோடு நிற்க வைத்து, செருப்பில்லாமல் அளந்து, செல்பேசியில் குறித்துக்கொள்ளுங்கள்.

முக்கியமான குறைந்தபட்ச உயரங்கள் இவை:

92 செ.மீ. – என்சான்டட் ஏர்வேஸ், கேனபி ஃப்ளையர்
100 செ.மீ. – புஸ் இன் பூட்ஸ்
102 செ.மீ. – டிரான்ஸ்ஃபார்மர்ஸ்
107 செ.மீ. – ஜுராசிக் பார்க் ராபிட்ஸ்
122 செ.மீ. – ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி
125 செ.மீ. – பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவின் இரண்டு தடங்களும்

122 என்ற எண்ணை மனதில் வையுங்கள். அதற்குக் கீழே இருக்கும் பிள்ளை, ஏற அனுமதி உள்ள சவாரிகளிலும் பெரும்பாலும் ஒரு பெரியவர் பக்கத்தில் இருந்தால்தான் ஏற முடியும். எங்கள் வீட்டு நடுவுள்ளவன் 119. டிரான்ஸ்ஃபார்மர்ஸ் உண்டு, ராபிட்ஸ் உண்டு, மம்மி இல்லை. அதை ஊரிலேயே சொல்லிவிட்டோம். வரிசையில் நாற்பது நிமிடம் நின்றபின் ஊழியர் அளவுகோலைக் காட்டித் திருப்பி அனுப்பினால் அந்த அழுகையை மதியச் சாப்பாடு வரைக்கும் சமாளிக்க வேண்டும். தடித்த அடி வைத்த ஷூ போட்டு ஏமாற்றலாம் என்ற யோசனையும் வேண்டாம். அங்கே கண்டிப்பாக அளக்கிறார்கள், அந்த விதி பிள்ளையின் இடுப்புக் கம்பி சரியாகப் பொருந்துவதற்காகத்தான் இருக்கிறது.

அளந்து முடித்ததும் ஒரு தாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ‘உண்டு’, ‘இல்லை’ என்று இரண்டு பத்தி எழுதி அவர்களிடமே கொடுத்துவிடுங்கள். பயணத்துக்கு முந்தின வாரம் பூங்காவின் இணையதளத்தில் பராமரிப்புக்காக மூடியிருக்கும் சவாரிகளின் பட்டியலைப் பார்த்து அந்தத் தாளைத் திருத்துங்கள்.

2. எந்த மாதம், எந்தக் கிழமை

நம் பள்ளி விடுமுறையை மட்டும் பார்த்தால் போதாது, சிங்கப்பூர்ப் பள்ளி விடுமுறையையும் பார்க்க வேண்டும். அங்கே மார்ச்சில் ஒரு வாரம், ஜூனில் நான்கு வாரம், செப்டம்பரில் ஒரு வாரம், நவம்பர் பாதியிலிருந்து டிசம்பர் முடியும்வரை நீண்ட விடுமுறை. ஆகவே நமக்குக் கோடை விடுமுறையாகவும் அவர்களுக்குப் பள்ளி நாளாகவும் இருக்கும் மே மாத வாரநாட்கள்தான் நல்ல பொருத்தம். மே கடைசி வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். விசாக தினம் அங்கே அரசு விடுமுறை, அந்த நாளைத் தவிருங்கள்.

அரையாண்டு விடுமுறையில் போவது மிக மோசமான தேர்வு. டிசம்பர் கடைசியில் அங்கேயும் விடுமுறை, மழையும் அதிகம், விமானக் கட்டணமும் உச்சம். காலாண்டு விடுமுறை பரவாயில்லை போலத் தெரியும். ஆனால் அக்டோபர் முதல் வாரம் சீனாவில் தேசிய நாள் விடுமுறை, அதையொட்டி ஃபார்முலா ஒன் பந்தயமும் வந்தால் ஓட்டல் வாடகை எகிறிவிடும். செப்டம்பர் கடைசியில் தொடங்கும் ஹாலோவீன் நிகழ்ச்சி இரவுகளில் பூங்காவைச் சீக்கிரமே மூடிவிடுகிறார்கள். வழக்கமாகக் காலை 10 மணிக்குத் திறந்து மாலை 7 மணி வாக்கில் மூடுவார்கள். நாளுக்கு நாள் இது மாறுவதால், தேதியைப் பூட்டுவதற்கு முன் இணையதளத்தில் அந்த நாளுக்கான நேரத்தைப் பாருங்கள்.

சென்று இறங்கிய அன்றே பூங்காவுக்குப் போகாதீர்கள். இரவு விமானத்தில் அரைத்தூக்கம், அங்கே மணி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால். சின்னவன் பதினொரு மணிக்கே மடங்கிவிடுவான்.

3. பாஸ்போர்ட், விசா, வருகை அட்டை

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா வேண்டும், கைக்குழந்தைக்கும் தனி விசா. வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் பாஸ்போர்ட். பயண நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். பெரியவர்களுடையதை யாரும் மறப்பதில்லை. பிள்ளைகளின் பாஸ்போர்ட் ஐந்து வருடத்துக்குத்தான் என்பதால், பெரியவளுக்கு ஒன்றாம் வகுப்பில் எடுத்தது எப்போதோ காலாவதி ஆகியிருக்கும். சிறார் பாஸ்போர்ட் கட்டணம் 1,000 ரூபாய், எட்டு வயதுக்குக் கீழ் பத்து சதவீதம் தள்ளுபடி. பெற்றோர் இருவரும் கையெழுத்திடும் இணைப்பு ‘டி’ படிவத்தை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு போங்கள்.

அடுத்தது விசா. விண்ணப்பத்தைச் சிங்கப்பூரின் குடிநுழைவு, சோதனைச்சாவடிகள் ஆணையம் பரிசீலிக்கிறது. நாம் அங்கீகரிக்கப்பட்ட விசா முகவர் வழியாகவோ, அங்கே இருக்கும் உறவினர் வழியாகவோ அனுப்ப வேண்டும். படிவத்தின் பெயர் 14ஏ. ஆளுக்கு 30 வெள்ளி கட்டணம், நிராகரித்தாலும் திரும்பாது. அதற்கு மேல் முகவர் தன் சேவைக் கட்டணத்தைப் போடுவார். அது கடைக்குக் கடை வேறுபடும், ஆகவே இரண்டு மூன்று பேரிடம் கேளுங்கள். ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு ஆளுக்கு 500 ரூபாய் வித்தியாசம் என்றாலே 2,500 ரூபாய். பயணத்துக்கு 30 நாளுக்குள்தான் விண்ணப்பிக்க வேண்டும், அதற்கு முன்னால் கொடுத்துப் பயனில்லை. சாதாரணமாகச் சில வேலைநாட்களில் வந்துவிடும். நான் பயணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது கொடுக்கச் சொல்வேன்.

முகவர் கேட்கக்கூடியவை: பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்க நகல், வெள்ளைப் பின்னணியில் மூன்று மாதத்துக்குள் எடுத்த புகைப்படம், விமானச்சீட்டு, தங்குமிட விவரம், வங்கிக் கணக்கு அறிக்கை, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ். பெற்றோரில் ஒருவர் மட்டும் அழைத்துப் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வயதுப் பிள்ளையின் புகைப்படம்தான் இதில் உண்மையான சோதனை. தூக்கிப் பிடிக்கும் கை தெரியக்கூடாது, கண் திறந்திருக்க வேண்டும், வாய் மூடியிருக்க வேண்டும். ஸ்டுடியோவுக்குத் தூங்கி எழுந்த நேரத்தில் கூட்டிப்போங்கள்.

நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. பலர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கட்டம் காலியாக இருக்கும், முழுப்பெயரும் ஒரே கட்டத்தில் இருக்கும். விமானச்சீட்டு போடும் இணையதளமோ இரண்டு கட்டத்தையும் நிரப்பச் சொல்லும். அப்பா பெயரை நீங்களாகச் சேர்க்காமல், அந்த விமான நிறுவனம் ஒற்றைப் பெயருக்கு என்ன சொல்கிறது என்று பார்த்து அப்படியே போடுங்கள். சீட்டும் விசாவும் பாஸ்போர்ட்டும் ஒத்துப்போக வேண்டும்.

கடைசியாக மின்னிலக்க வருகை அட்டை. சிங்கப்பூர் சேரும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள், ஆணையத்தின் சொந்த இணையதளத்திலோ செயலியிலோ ஒவ்வொருவருக்கும் நிரப்ப வேண்டும். இது முழுக்க முழுக்க இலவசம். தேடுபொறியில் முதலில் வருகிற சில தளங்கள் அச்சு அசலாக அரசுத் தளம் போலவே இருந்து, கடைசிப் பக்கத்தில் டாலர் கேட்கும். பணம் கேட்டால் உடனே மூடிவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது இரண்டை எடுத்து வெளியே போடுங்கள்: சூயிங்கம், கசகசா. இரண்டையும் அங்கே கொண்டுபோகக் கூடாது. பாட்டி கட்டிக்கொடுக்கும் மசாலாப் பொடியில் கசகசா இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

4. நுழைவுச்சீட்டு

சவாரிக்கு உயரக் கணக்கு என்றால், சீட்டுக்கு வயதுக் கணக்கு. நான்கு வயதுக்குக் கீழே இலவசம், 4 முதல் 12 வரை குழந்தைச் சீட்டு, 13 ஆகிவிட்டால் பெரியவர் விலை. 60 வயதைத் தாண்டியவர்களுக்குக் குறைந்த விலையில் தனிச் சீட்டு உண்டு. பெரியவளுக்கு 13 வயது பிறக்கப் போகிறது என்றால் பிறந்தநாளுக்கு முன்னால் போவது லாபம். சின்னவன் நான்கைத் தொடப் போகிறான் என்றாலும் அப்படியே. இலவசமாக நுழையும் பிள்ளைக்கு வயதுக்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருங்கள், பாஸ்போர்ட்டின் படம் செல்பேசியில் இருக்கட்டும்.

விலை நாளைப் பொறுத்து ஏறி இறங்கும். பெரியவருக்கு 80 வெள்ளிக்கு மேல், குழந்தைக்கு 60 வெள்ளிக்கு மேல் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். எங்களைப் போல அப்பா, அம்மா, 13, 8, 3 என்றால் மூன்று பெரியவர் சீட்டு, ஒரு குழந்தைச் சீட்டு. நுழைவுக்கு மட்டும் 22,000 ரூபாயை ஒட்டி வரும்.

சீட்டு குறிப்பிட்ட தேதிக்கு மட்டும் செல்லும், வாங்கியபின் பணம் திரும்பக் கிடைப்பது அரிது. அதனால் விசா கைக்கு வந்த பிறகு வாங்குங்கள். க்ளூக் போன்ற தளங்களில் சில சமயம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கும். சமூக ஊடகத்தில் தனியாள் ஒருவர் பாதி விலைக்குத் தருகிறேன் என்றால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

5. எக்ஸ்பிரஸ் எல்லோருக்கும் வேண்டாம்

எக்ஸ்பிரஸ் என்பது நீண்ட வரிசையைத் தாண்டிப் போகும் கூடுதல் சீட்டு. ஒரு சவாரிக்கு ஒருமுறை போகும் வகை, எத்தனை முறையும் போகும் வகை என இரண்டு. கூட்ட நாட்களில் இதன் விலை நுழைவுச்சீட்டையே எட்டிவிடும், தாண்டவும் செய்யும்.

முகவர்கள் குடும்பம் மொத்தத்துக்கும் சேர்த்து விற்கப் பார்ப்பார்கள், வாங்காதீர்கள். மூன்று வயதுப் பிள்ளை ஏறக்கூடியவற்றில் பாதிக்கு மேல் வரிசை நீளமே இல்லை. அவனோடு இருக்கும் பெரியவருக்கும் அது வீண். பெரிய சவாரிகளை விரும்பும் பெரியவளுக்கும், அவளோடு ஏறும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ மட்டும், அதுவும் விடுமுறை நாளாக இருந்தால் மட்டும் வாங்கலாம். மே மாதச் செவ்வாய், புதனில் எனக்கு அது அவசியமாகத் தோன்றவில்லை.

காசில்லாமல் நேரம் மிச்சப்படுத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, சில சவாரிகளில் இருக்கும் தனியாள் வரிசை. காலியான ஒற்றை இருக்கையில் உட்கார்த்தி அனுப்புவார்கள். 122 செ.மீ. தாண்டிய பிள்ளைக்குத்தான் இது ஆகும். இரண்டு, குழந்தை மாற்று முறை. சின்னப் பிள்ளையோடு ஒருவர் காத்திருக்க, மற்றவர் ஏறிவிட்டு வந்ததும், காத்திருந்தவர் மறுபடி முழு வரிசையில் நிற்காமல் ஏறலாம். இதை யாரும் தானாக வந்து சொல்ல மாட்டார்கள். வரிசையில் நுழையும் முன்பே வாசல் ஊழியரிடம் கேட்க வேண்டும்.

6. தங்குவதும் போய்ச் சேருவதும்

செந்தோசாவுக்குள் தங்கினால் வாடகை கையைக் கடிக்கும். லிட்டில் இந்தியா, ஃபேரர் பார்க் பக்கம் தங்குங்கள். இரண்டும் வடகிழக்கு ரயில் பாதையில் இருக்கின்றன, அதே பாதையின் கடைசி நிலையம்தான் ஹார்பர்ஃபிரண்ட். லிட்டில் இந்தியாவிலிருந்து ஐந்தாவது நிறுத்தம், மாற வேண்டிய வேலை இல்லை. காலையில் சிராங்கூன் சாலையில் இட்லி, பொங்கல் முடித்துக்கொண்டு கிளம்பலாம். இரவு திரும்பி வந்தாலும் சோறு கிடைக்கும்.

ரயிலில் வங்கி அட்டையைத் தட்டிப் போகலாம், ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். ஒரே அட்டையைத் தட்டி எல்லோரையும் உள்ளே அனுப்ப முடியாது. 90 செ.மீ. உயரத்துக்குள் இருக்கும் குழந்தைக்குக் கட்டணம் இல்லை.

ஹார்பர்ஃபிரண்டில் இறங்கினால் மேலே விவோசிட்டி பேரங்காடி. அதன் மூன்றாம் தளத்திலிருந்து செந்தோசா எக்ஸ்பிரஸ் ரயில், ஆளுக்கு 4 வெள்ளி, முதல் நிறுத்தத்திலேயே இறங்க வேண்டும். தீவிலிருந்து திரும்புவதற்குக் கட்டணம் கிடையாது. நடக்கத் தெம்பு இருந்தால் கடலோர நடைபாதை இலவசம், கால் மணி நேரத்துக்குள் போய்விடலாம், தள்ளுவண்டியும் உருளும்.

வாடகைக் காரில் ஒரு விதி கவனிக்க வேண்டும். 1.35 மீட்டருக்குக் குறைவான பிள்ளைகளுக்குக் காரில் குழந்தை இருக்கை கட்டாயம். மீட்டர் போட்ட டாக்ஸிக்கு விலக்கு உண்டு, செயலியில் வரும் தனியார் வாடகைக் காருக்கு விலக்கு இல்லை. சாதாரணக் கார் பதிவு செய்துவிட்டு இரண்டு குட்டிகளோடு நின்றால் ஓட்டுநர் ஏற்ற மறுப்பார், அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. டாக்ஸி என்று தேர்ந்தெடுத்துப் பதிவு செய்யுங்கள்.

7. தோள்பையில் என்ன

ஆளுக்கொரு மாற்றுடை, மழைக்கோட்டு, தண்ணீர் பாட்டில், தொப்பி, குழந்தை உணவு. வெளிச் சாப்பாட்டை உள்ளே அனுமதிப்பதில்லை, கைக்குழந்தைக்கான உணவுக்கு மட்டும் விலக்கு உண்டு. புளியோதரைப் பொட்டலத்தை ஓட்டலிலேயே சாப்பிட்டுவிடுங்கள். மழைக்கோட்டை ஊரிலேயே வாங்குங்கள், உள்ளே வாங்கினால் வலிக்கும். தள்ளுவண்டி உங்களிடம் இருந்தால் கொண்டுபோங்கள், இல்லாவிட்டால் நுழைவாயிலருகே வாடகைக்குக் கிடைக்கும். நான்கைந்து வயதுப் பிள்ளைக்கும் மதியத்துக்குமேல் அது தேவைப்படும்.

பேட்டில்ஸ்டார் ஏறும்முன் சட்டைப்பை வரைக்கும் காலி செய்ய வேண்டும். செல்பேசி, சில்லறை எதுவும் கூடாது, சோதித்துத்தான் விடுவார்கள். பக்கத்தில் இருக்கும் பெட்டகம் குறிப்பிட்ட நேரம்வரை இலவசம், தாண்டினால் காசு. பையைக் கீழே இருப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போவது நல்லது.

8. அன்றைய நாள்

ஒன்பதேகாலுக்கெல்லாம் வாசலில் இருங்கள். சுழலும் உலக உருண்டை முன்னால் படம் எடுப்பதைச் சாயங்காலத்துக்குத் தள்ளுங்கள். காலையில் அங்கே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் உள்ளே பத்து நிமிடமாகும்.

பூங்கா ஒரு ஏரியைச் சுற்றி வட்டமாக, நியூயார்க், பண்டைய எகிப்து என்று பெயர் வைத்த பகுதிகளாக அமைந்திருக்கிறது. உள்ளே நுழைந்ததும் இரண்டு அணியாகப் பிரிந்துவிடுங்கள். பெரியவளும் ஒரு பெரியவரும் வலப்பக்கம்: நியூயார்க்கைத் தாண்டி சை-ஃபை சிட்டியில் பேட்டில்ஸ்டார், அங்கிருந்து பண்டைய எகிப்தில் மம்மி. பேட்டில்ஸ்டாரில் சிவப்புத் தடத்தில் உட்கார்ந்து போவீர்கள், நீலத் தடத்தில் கால் தொங்கும், தலைகீழாகவும் சுற்றும். மம்மி முழுக்க இருட்டு, பின்பக்கமாகவும் ஓடும். உயரம் இருந்தாலும் பயந்த பிள்ளையை வற்புறுத்த வேண்டாம்.

சின்னவர்கள் இருவரோடு மற்றவர் இடப்பக்கம், 2025இல் திறந்த மினியன் லேண்டுக்குப் போகலாம். ஆனால் கூட்டம் மொத்தமும் காலையில் ஓடுவது அங்கே இருக்கும் மினியன் மேஹெம் சவாரிக்குத்தான். அதைச் சாயங்காலத்துக்கு ஒதுக்கிவிட்டு, பகி பூகி ராட்டினத்தையும் அடுத்த பகுதியான ஃபார் ஃபார் அவேயையும் முடியுங்கள். என்சான்டட் ஏர்வேஸ் சின்னவனுக்கு வாழ்க்கையின் முதல் ரோலர் கோஸ்டராக அமையும், 92 செ.மீ. இருந்தால். எங்களவன் இறங்கியதும் மறுபடி வரிசைக்கு ஓடினான்.

பதினொன்றரைக்கு எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் வாசலில் சந்தியுங்கள். நடுவுள்ளவனும் ஏறக்கூடிய பெரிய சவாரி அது. குழந்தை மாற்று முறையைக் கேட்டு வாங்குங்கள். நடுவுள்ளவனை இரண்டு பெரியவர்களோடும் இரண்டு முறை அனுப்ப ஊழியர் ஒத்துக்கொண்டால், மம்மிக்காக அழுத அழுகை அதோடு சரி. வாந்தி வரும் பிள்ளையைச் சாப்பாட்டுக்குப் பின் இதில் ஏற்றாதீர்கள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பண்டைய எகிப்துப் பகுதியில் இருக்கும் ஒயாசிஸ் ஸ்பைஸ் கஃபேயில் இந்திய உணவு கிடைக்கும். பன்னிரண்டரைக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் இடம் கிடைக்கும். அதற்குப் பிறகு வெயில் உச்சியில் வாட்டர்வேர்ல்டு சாகசக் காட்சி. நேரத்தைக் காலையிலேயே பூங்காவின் செயலியில் பார்த்துக்கொள்ளுங்கள். முன்வரிசை நனையும், சின்னவன் தூங்கினால் பின்வரிசையில் உட்காருங்கள். ஆனால் வெடிச்சத்தத்தில் அவன் எழுந்துவிடக்கூடும், அதனால் ஒருவர் அவனைத் தள்ளுவண்டியோடு ஏ.சி. உள்ள கடைப் பக்கம் கொண்டுபோவது மேல்.

ராபிட்ஸை மூன்று மணிக்கு மேல் வையுங்கள். வட்டத் தெப்பத்தில் தொப்பலாக நனைந்து வருவீர்கள், ஈரத்தோடு குளிர்ந்த அறைக்குள் இருக்கும் சவாரிக்குப் போனால் பிள்ளைகள் குளிரில் நடுங்குவார்கள். உடை மாற்றிய பிறகு நியூயார்க்கில் செசமி ஸ்ட்ரீட் சவாரி, பிறகு மினியன் மேஹெம். ஐந்து மணிக்குமேல் சுற்றுலாக் குழுக்கள் கிளம்பிவிடும், வரிசை சட்டென்று குறையும். பெரியவளுக்குப் பேட்டில்ஸ்டார் இரண்டாம் முறை வேண்டுமென்றால் அப்போதுதான்.

9. மழை வந்தால்

சிங்கப்பூரில் பிற்பகல் இடிமழை சாதாரணம். மின்னல் எச்சரிக்கை வந்தால் வெளிச் சவாரிகளை நிறுத்திவிடுவார்கள், பணம் திரும்பாது. பேட்டில்ஸ்டார், என்சான்டட் ஏர்வேஸ் போன்ற வெளிச் சவாரிகளைக் காலையில் வைத்ததற்கு இதுவும் காரணம். மழை தொடங்கியதும் எல்லோரும் டிரான்ஸ்ஃபார்மர்ஸுக்கு ஓடுவார்கள். நீங்கள் செசமி ஸ்ட்ரீட் பக்கமோ, நியூயார்க்கில் இருக்கும் லைட்ஸ், கேமரா, ஆக்‌ஷன் அரங்குக்கோ போங்கள். மழை நின்றதும் வெளிச் சவாரிகள் திறக்கக் கொஞ்சம் நேரமாகும். அந்த வாசலில் முதலில் போய் நிற்பவர்களுக்கு வரிசையே இருக்காது.

10. கிளம்பும்போது

மூடும் நேரத்துக்கு அரைமணி முன்னால் நினைவுப்பொருள் கடையை முடித்துவிடுங்கள். ஆளுக்கு இவ்வளவுதான் என்று காலையிலேயே தொகையைச் சொல்லிவிட்டால் அங்கே பேரம் இருக்காது. 20 வெள்ளிக்குள் நல்லதாக அதிகம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுங்கள். மூடியதும் எல்லோரும் ஒரே நேரத்தில் செந்தோசா எக்ஸ்பிரஸுக்கு வருவதால் இரண்டு மூன்று ரயிலை விட வேண்டியிருக்கும். உலக உருண்டைப் படத்தை அந்த இடைவெளியில் எடுத்துக்கொள்ளுங்கள், விளக்குப் போட்டபின் படமும் நன்றாக வரும். சின்னவன் தோளிலேயே தூங்கிவிட்டால் ரயிலை மறந்துவிட்டு டாக்ஸி வரிசைக்குப் போங்கள். ஐந்து பேர் என்றால் சாதாரண டாக்ஸியில் இடம் போதாது, ஆறு பேர் ஏறும் பெரிய வண்டி வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.